பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலைத் தொடலாமா?

ஏற்காட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “என் கார் 2006 மாடல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், 1,12,000 கி.மீ. ஓடியது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் கியர் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் டி-4 (T-IV) என்று ஆயிலின் தரம் பொறித்திருக்கிறது; ஆயில் பழுப்பாக இருக்கிறது. ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மாறும்போது லேசாக உதறுகிறது. சேலத்தில் ஒரு மெக்கானிக், பழைய ஆயிலைத் தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார். இன்னொருவர், மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

ஐயா, இந்த விஷயத்தில் இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மெஷின் வைத்து அல்ல, சேம்பரை, அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் கழற்றி, மூன்று தவணைகளில்.

உங்கள் வண்டியில் இந்த ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் வழியாக என்ஜினின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்துவதும், உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்துக் கியரை மாற்றுவதும், பிறக்கும் சூட்டை ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குக் கொண்டுபோய் ஆற்றுவதும் அதே ஆயில்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மெதுவாக ஏறும்போது, கன்வர்ட்டருக்குள் ஆயில் கடைந்தெடுக்கப்பட்டுச் சமவெளியில் ஓடுவதைவிட மிக அதிகமாகச் சூடேறுகிறது. ஆகவே மலையில் ஓடும் வண்டிக்கு, கம்பெனிப் புத்தகத்தில் சாதாரண ஓட்டத்திற்கென்று போட்டிருக்கும் கணக்கு பொருந்தாது. சில புத்தகங்களில் ‘ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை’ என்றே இருக்கிறது. யாருடைய ஆயுள் என்று அதில் சொல்லப்படவில்லை. வாரண்டி முடிந்த வண்டியைப் பற்றிக் கம்பெனிக்கு அக்கறை இல்லை என்பதைத் தவிர அந்த வாக்கியத்திற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

மொத்தம் ஏறத்தாழ 7.5 லிட்டர் பிடிக்கும் இத்தகைய கியர் பெட்டியில், சேம்பரைத் திறந்தால் இறங்குவது 3.5 லிட்டர் அளவுதான். மீதி கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். இதைக் குறையாக நினைக்காதீர்கள், நமக்கு அதுவே நல்லது. ஒருமுறை மாற்றினால் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புது ஆயில் சேரும், 1,500 கி.மீ. ஓட்டிய பின் இரண்டாம் முறை மாற்றினால் 70 சதவீதத்தைத் தாண்டும். மேலும் 1,500 கி.மீ. கழித்து மூன்றாம் முறை மாற்றினால் 85 சதவீதம் ஆகிவிடும். பழைய அழுக்கு சிறுகச் சிறுகக் கரைந்து வெளியேறும். மெஷினின் அழுத்தத்தில் ஒரே நேரத்தில் கிளம்பும் படிவுகள், ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியரை மாற்றும் வால்வ் பாடியின் நுண்ணிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். ஃபில்டரை முதல் முறை மாற்றினால் போதும். அடுத்த இரண்டு முறையும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி இறக்கி ஊற்றிக்கொள்ளலாம்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஆயில் வாங்கும் இடத்தைப் பற்றி. ‘சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான்’ என்று கடையில் சொல்வார்கள். சிவப்பு என்பது அடையாளத்திற்காகச் சேர்க்கும் சாயம் மட்டுமே. பவர் ஸ்டியரிங்கிற்கு ஊற்றும் ஆயிலும் சிவப்பாகத்தான் இருக்கும். டப்பாவில் டி-4 தரம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். பேரலிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலை என்ன விலைக்கும் வாங்காதீர்கள். ‘எனக்குத் தெரிந்த கடை, நானே வாங்கி வருகிறேன்’ என்று மெக்கானிக் சொன்னால், கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். ஆயில், ஃபில்டர், சேம்பர் பேக்கிங் மூன்றையும் பில்லோடு நீங்களே வாங்கி, சீலை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாக்களை வீட்டுக்கு எடுத்து வந்து நசுக்கிப் போடுங்கள். அவை திரும்பவும் நிரப்பப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. கழற்றிய பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் விட்டுக் கழுவி அதையே மாட்டிவிட்டுப் புதிய ஃபில்டருக்குப் பணம் வாங்கிய வேலைகளை, பிறகு நான் திறந்தபோது எத்தனையோ முறை பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். பட்டறை வைப்பவருக்கு இந்த வேலை தெரியுமா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாதபோது, வண்டிக்காரர்தான் பக்கத்தில் நின்று பார்த்தாக வேண்டியிருக்கிறது.

சேம்பரைக் கழற்றியதும் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்களைப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம், துடைத்து மாட்டலாம். கையில் குத்தும் உலோகச் சீவல்கள் இருந்தால் புது ஆயில் ஊற்றும் முன் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டுபவர்கள், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் அரித்துப்போய் இந்த நிலைக்கு வருகிறார்கள். சேம்பர் போல்ட்டுகள் சிறியவை. எதிரெதிராக, மிதமாக முடுக்க வேண்டும். பேக்கிங்கோடு சேர்த்துப் பேஸ்ட் தடவ விடாதீர்கள். பிதுங்கும் துணுக்குகள் நேராகப் புது ஃபில்டரில் போய் ஒட்டும்.

‘தொட்டால் போய்விடும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் இரைச்சல் மட்டும் கூடி வண்டி வேகம் எடுக்காமல் இருப்பதும், கியர் லீவரை டி-யில் (D) போட்ட பின் இரண்டு மூன்று நொடி தாமதித்து இழுப்பதும், ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிப்பதும் பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துவிட்டதற்கான அடையாளங்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் மாற்றுவது, சாகக் கிடப்பவருக்குச் சட்டை மாற்றுவது போன்றது. அடுத்த மாதம் பெட்டி நின்றால் பழி புது ஆயிலின் மேல் விழுகிறது. கூடவே ‘ரீகண்டிஷன் பெட்டி இருக்கிறது’ என்று ஒரு தரகர் வந்து நிற்பார். உங்கள் வண்டி அந்த நிலையில் இல்லை என்றே நினைக்கிறேன். பழுப்பு நிறமும் லேசான உதறலும் பழைய ஆயிலுக்குரியவை. என்ஜின் மட்டும் இரைந்து வண்டி ஸ்லிப் ஆவதாக நீங்கள் எழுதவில்லை. ஆயினும் உறுதி செய்துகொள்ள, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாடை இருந்தால் சேம்பரை மட்டும் திறந்து காந்தத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு செலவு செய்வதா என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள்.

இறங்கிய பழைய ஆயிலை அளந்து, அதே அளவு புதிதை டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றச் சொல்லுங்கள். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை பி (P) முதல் எல் (L) வரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, மீண்டும் பி-க்கு வாருங்கள். அளவு பார்ப்பதை உங்கள் வீட்டு வாசல் சரிவில் செய்யாதீர்கள். கீழே சேலத்தில், அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பின், சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கின் ‘ஹாட்’ கோடுகளுக்கு இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் நுரைக்கும் என்பதால் மிகுதியை உறிஞ்சி எடுத்த பிறகே மலை ஏறுங்கள். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துச் சொட்டு விழுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.