ஃபார்முலா மாறினால் மெயில் வருமா?

கேள்வி: மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஸ்டாக் முழுக்க கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. மருந்து காலாவதியாக 90 நாள் இருக்கும்போது ஃபார்முலா 'திருப்பு' (திருப்பி அனுப்பு) என்று காட்டும். அப்போது எனக்கு மெயில் வர வேண்டும். வீடியோ பார்த்து ஒரு ஸ்கிரிப்ட் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) போட்டேன். நானே கையால் 'திருப்பு' என்று தட்டினால் மெயில் வருகிறது. ஃபார்முலா காட்டினால் வரவில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்கு ஒரு ஆட்-ஆன் (ஷீட்ஸோடு சேர்க்கும் துணைச் செயலி) வாங்கச் சொல்கிறார் கம்ப்யூட்டர் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ட்ரிக்கர் என்பது ஸ்கிரிப்டை எப்போது ஓட்டுவது என்று சொல்லும் அமைப்பு; நீங்கள் போட்டிருக்கும் எடிட் ட்ரிக்கர் யாராவது ஷீட்டில் கை வைத்தால்தான் ஓடும். இரவோடு இரவாகத் தேதி மாறி, அதனால் ஃபார்முலாவின் விடை மாறுவதை கூகுள் எடிட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. காசு வாங்கும் ஆட்-ஆனுக்கும் இதே விதிதான். அதுவும் அவ்வப்போது ஷீட்டை எட்டிப் பார்த்துத்தான் மெயில் அனுப்பியாக வேண்டும். அதற்கு எதற்கு 6,000?

ஸ்கிரிப்ட் எழுதிய ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பக்கத்தின் இடதுபுறம் கடிகாரப் படம் இருக்கும். அங்கே எடிட் ட்ரிக்கரை நீக்கிவிட்டு, தினமும் காலை 8 முதல் 9 மணிக்குள் ஓடும்படி நேர ட்ரிக்கர் போடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போது ஓடும் என்பது கூகுளின் விருப்பம். காலாவதி விஷயத்துக்கு அது போதும். ஸ்கிரிப்ட் எல்லா வரிகளையும் படித்து, 'திருப்பு' என்று இருப்பவற்றை ஒரே மெயிலில் அடுக்கட்டும். மருந்துக்கு ஒரு மெயில் என்று விட்டால், இலவச ஜிமெயில் கணக்குக்கு ஸ்கிரிப்ட் வழியாக நாளுக்கு 100 பேருக்குத்தான் (ஒருவருக்கே திரும்ப அனுப்பினாலும் ஒவ்வொரு முறையும் கணக்கு) அனுமதி என்ற வரம்பில் போய் முட்டும். மெயில் போன வரியின் பக்கத்துக் கட்டத்தில் அன்றைய தேதியை ஸ்கிரிப்டே எழுத வேண்டும். அடுத்த நாள் அந்தத் தேதி இருக்கும் வரியைத் தாண்டிவிட வேண்டும். இது இல்லாவிட்டால் 90 நாளும் அதே மருந்துக்கு மெயில் வரும், நாலாம் நாள் நீங்கள் திறந்தே பார்க்க மாட்டீர்கள்.

பலர் மாட்டுவது தேதியில். காலாவதிக் கட்டம் காலியாக இருந்தால் ஷீட்ஸ் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்; காலி வரியெல்லாம் 'திருப்பு' ஆகிவிடும். காலியானால் காலியாகவே விடு என்று ஃபார்முலாவில் சேர்த்துவிடுங்கள். ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 05/03 என்பது மே 3 ஆகிவிடும், 31/03 வெறும் எழுத்தாக நின்றுவிடும். செட்டிங்ஸில் இந்தியா என்று மாற்றுங்கள். மருந்து அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாளைப் போடுங்கள்.

கிளைகள் பல இருந்து, பில்லை பிடிஎஃப் ஆக்கி ஆளுக்கொன்றாக அனுப்புகிற அளவுக்கு வேலை இருந்தால் ஆட்-ஆன் வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் அது கேட்கும் அனுமதியைப் படித்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். 'உங்கள் எல்லா ஷீட்களையும் பார்க்க, திருத்த' என்று கேட்டால் கடையின் மொத்தக் கணக்கும் அதில் அடக்கம். இன்னொன்று, கார்டில் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்பியாக வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் எக்செல்லில் மேக்ரோ (எக்செல்லின் ஸ்கிரிப்ட்) வைத்திருக்கிறேன். எனக்கும் இதே தொல்லைதான்.

பதில்: காரணமும் அதேதான். கட்டத்தைக் கையால் மாற்றினால் மேக்ரோவை ஓட்டும் 'சேஞ்ச்' நிகழ்வு, ஃபார்முலாவின் விடை மாறுவதைக் கண்டுகொள்ளாது. ஷீட் மறுபடி கணக்கிடும்போது ஓடும் 'கால்குலேட்' நிகழ்வில் எழுதுங்கள். அது எந்தக் கட்டம் மாறியது என்று சொல்லாது, எனவே அனுப்பிய அடையாளம் இங்கேயும் வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் மேக்ரோ ஓடாது. மேக்ரோ அவுட்லுக் வழியாக மெயில் அனுப்பினால், புதிய அவுட்லுக் மேக்ரோவின் பேச்சைக் கேட்காது, பழைய அவுட்லுக்கை வைத்துக்கொள்ளுங்கள்.