ஜி7 ஆல்ட்டர்டு ஏன் உரசுகிறது?

டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7 என்ற கார்டு வரிசையில் ஜி7-ஐ ஆல்ட்டர்டு ஆக்கினால் தப்பாக வாசித்தது போலக் கேட்கிறது என்கிறீர்கள். நீங்கள் பிடிப்பது ஜி, பி, டி, எஃப், ஏ ஃபிளாட், ஈ ஃபிளாட். சிக்கல் அந்த டி-யில்தான். ஆல்ட்டர்டு என்றால் ஜி-யிலிருந்து எண்ணி ஐந்தாவதான டி-யும் ஒன்பதாவதான ஏ-யும் அரைச்சுரம் ஏறியோ இறங்கியோ வர வேண்டும். இயல்பான டி, ஏ இரண்டுக்கும் அங்கே இடமில்லை. டி-யும் ஈ ஃபிளாட்டும் ஒட்டி நின்றால் உரசத்தான் செய்யும்.

ஜி-யை பேஸ் வாசிப்பவருக்கு விட்டுவிடுங்கள். பி-யும் எஃப்-பும் மட்டும் விடக்கூடாது, ஜி7 என்று காதுக்குச் சொல்வதே அவைதான்.

நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-பில் தொடங்கி, கீழிருந்து மேலாக கார்டுக்கு நான்கே சுரங்கள் (முதல் கார்டின் டி-யும் கடைசிக் கார்டின் சி-யும்கூட பேஸுக்கே):

டி மைனர் 7: எஃப், சி, ஈ, ஏ
ஜி7 ஆல்ட்டர்டு: எஃப், பி, ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட்
சி மேஜர் 7: ஈ, பி, டி, ஜி

மேல் குரலை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள்: ஏ, ஏ ஃபிளாட், ஜி. அதற்குக் கீழே ஈ, ஈ ஃபிளாட், டி. இந்த அரைச்சுர இறக்கம்தான் ஆல்ட்டர்டு கார்டின் உயிர். மாற்றிய சுரம் அடுத்த கார்டில் பக்கத்திலேயே போய் இறங்காவிட்டால் வெறும் கரகரப்புதான் மிஞ்சும். இதையே இன்னும் ஒரு ஆக்டேவ் கீழே வாசித்தாலும் குழம்பிவிடும்.

ஜி7 வரும் இடத்தில் மெலடி ஏ-யிலோ டி-யிலோ நீண்டு நின்றால் ஆல்ட்டர்டு வேண்டாம், ஜி7-உடன் இயல்பான ஏ சேர்ந்த ஜி9 போதும். சோலோவுக்கு ஏ ஃபிளாட் மெலடிக் மைனர் ஸ்கேலின் ஏறுமுகச் சுரங்களை ஜி-யிலிருந்து வாசியுங்கள்.