முயல்குட்டிக்கு கேரட் வேணாம், காஞ்ச புல்லு போடுங்க

கேள்வி: டாக்டர், எங்க முயல்குட்டிக்கு 8 வாரம் ஆகுது. கேரட்டும் கீரையும்தான் குடுக்குறோம், ரெண்டு நாளா புழுக்கை கொழகொழன்னு வருது, போட்டதை அதுவே தின்னவும் செய்யுது. சத்து பத்தலையா?

பதில்: முதல்ல கேரட்டையும் கீரையையும் இன்னைக்கே நிறுத்திடுங்க. தாய்ப்பால் மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், அந்தக் குடல்ல இருக்க வேண்டிய நல்ல கிருமியெல்லாம் இன்னும் சரியா செட் ஆகல, இப்பப் போய் சர்க்கரையும் ஈரமும் உள்ளதைக் குடுத்தா வயிறு கலங்கிடும். தண்ணியாவே போனா ஒரே நாள்ல குட்டி உயிருக்கு ஆபத்து, அதனால காத்திருக்காம பக்கத்துல இருக்கிற கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க.

தன் புழுக்கையைத் தின்னுறதைப் பாத்து பயப்படாதீங்க. முயல் ரெண்டு விதமா போடும், உருண்டையா காஞ்சது ஒண்ணு, திராட்சைக்கொத்து மாதிரி மெத்துனு இருக்கிறது இன்னொண்ணு. அந்த மெத்துனு இருக்கிறதுல புரோட்டீனும் பி வைட்டமினும் இருக்கு, அதை அது தின்னே ஆகணும், தடுக்காதீங்க.

வளர்ற குட்டிக்கு எலும்புக்கு கால்சியமும் சதைக்கு புரோட்டீனும் நிறைய வேணும். அது ரெண்டும் குதிரைமசால்ங்கிற (ஆல்ஃபால்ஃபா) தீவனப்பயிரோட காஞ்ச புல்லுல நல்லா இருக்கு, எந்நேரமும் முன்னாடி கிடக்கட்டும், சாதா காஞ்ச புல்லும் சேத்துப் போடுங்க. முயலுக்குப் பல்லு ஆயுசுக்கும் வளந்துட்டே இருக்கும், புல்லை அரைச்சு அரைச்சுதான் தேயணும். குட்டிங்களுக்கான பெல்லட்டும் (சின்னத் துண்டா அழுத்திச் செஞ்ச தீவனம்) இந்த வயசுல அளவில்லாம குடுக்கலாம், ஆனா விதையும் கலர் துண்டும் கலந்த தீவனம் வேணாம், ருசியானதை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மிச்சத்தை ஒதுக்கிடும். வாங்கின இடத்துல வேற பெல்லட் தின்னுட்டு இருந்துச்சுன்னா திடீர்னு மாத்தாம 7லேருந்து 10 நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. பசும்பால், பிஸ்கட், பிரெட் எதுவும் வேணாம். தண்ணி எப்பவும் இருக்கணும்.

கீரையெல்லாம் 12 வாரத்துக்கு அப்புறம், ஒரு நேரத்துல ஒரு வகை, ஒரே ஒரு இலை, புழுக்கை நல்லா இருந்தா அடுத்தது. 7 மாசம் கிட்ட வந்ததும் குதிரைமசாலைக் குறைச்சு சாதா புல்லுக்குக் கொண்டு வந்துடுங்க, வளந்த முயலுக்கு அவ்ளோ கால்சியம் போனா மூத்திரப்பையில படியும்.

வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வைங்க. எடை ஏறலைன்னாலோ, அரை நாள் எதுவும் தின்னாம மூலையில உக்காந்திருந்தாலோ நேரத்தைப் பாக்காம தூக்கிட்டுப் போயிடுங்க.