கால் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது, ஜிம்மை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே பெருத்துக்கொண்டே போகிறது. மேலுக்கு மீடியம் சைஸ் போதும், கால்களுக்கு எந்த பேண்ட்டும் ஏறவில்லை. லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது. யானைக்காலோ என்று பயந்து பரிசோதனை செய்தோம், இல்லை என்றார்கள். இப்போது லிபீடிமா, அதாவது கால்களில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்ந்து வலிக்கும் நோய் என்கிறார்கள். ஆறு மாதம் ஜிம்மில் ஸ்கிப்பிங், ஜம்பிங் எல்லாம் செய்து எட்டு கிலோ குறைத்தேன். முகம்தான் வற்றியது, கால் அப்படியே இருக்கிறது, வலி மட்டும் கூடிவிட்டது. உடற்பயிற்சியை விட்டுவிடலாமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: விடாதீர்கள். ஆனால் அந்த ஸ்கிப்பிங்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் முயற்சியில் எந்தக் குறையும் இல்லை. முகம் வற்றி கால் அப்படியே நிற்பது இந்த நோயின் குணம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1940லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள், அப்படியும் இன்றுவரை இந்தப் பெண்களிடம் "சாப்பாட்டைக் குறைம்மா" என்று சொல்லி அனுப்புவது நிற்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இது ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வருவது. வயதுக்கு வரும்போது, கர்ப்பகாலத்தில், மாதவிடாய் நிற்கும் சமயத்தில் என்று ஹார்மோன் மாறும் நேரங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

உங்கள் காலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கொலுசு கிடக்கும் இடத்தில் ஒரு வளையம் போல வீக்கம் டக்கென்று நின்று, அதற்குக் கீழே பாதம் சாதாரணமாக இருக்கிறதா? இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறதா? இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? அப்படியென்றால் லிபீடிமாவுக்குப் பொருந்துகிறது. யானைக்காலில் பெரும்பாலும் ஒரு கால் அதிகமாக வீங்கும், பாதமும் சேர்ந்து வீங்கும், வீக்கம் முற்றினால் விரல் தோல் கிள்ள வராது.

சரி, உடற்பயிற்சிக்கு வருவோம். அது இந்தக் கொழுப்பைக் கரைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலியும் கால் கனமும் குறைய, தசை வலுக்க, முட்டி தேயாமல் இருக்க, இன்னும் முப்பது வருடம் நீங்கள் சுலபமாக நடக்க அது வேண்டும். லிபீடிமா உள்ள பெண்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசை பலம் குறைந்திருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், மாடிப்படி ஏற உங்களுக்குத் திணறினால் அது அதனாலும் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் தண்ணீர்தான் முதல் மருந்து. நீச்சல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, மார்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும். உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் முட்டிக்கு அடி விழாது. அதைவிட முக்கியம் அழுத்தம்: ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் காலைச் சுற்றிலும் சுமார் 73 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்துகிறது, மேலே வர வர அது தானாகக் குறைகிறது. சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் இரண்டாம் வகை அழுத்தக் காலுறை தருவதே 23 முதல் 32 வரைதான். பெண்களுக்கென்று தனி நேரம் உள்ள நீச்சல் குளம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், முழு உடல் மூடும் நீச்சல் உடை போட்டுக்கொண்டு தாராளமாக இறங்கலாம். ஆற்றில் மட்டும் வேண்டாம், தண்ணீர் எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது.

குளம் இல்லையென்றால் நடை, சைக்கிள். அப்புறம் பாயில் படுத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி, பாதத்தை முன்னும் பின்னுமாக முப்பது தடவை மடக்கி நீட்டுங்கள், கூடவே வயிறு மேலெழும்பும்படி மூச்சை ஆழமாக இழுத்துவிடுங்கள். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் ரத்தத்தையும் நிணநீரையும் மேலே தள்ளுகிறது. வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. முதல் நாள் முப்பது விநாடியில் எத்தனை முறை முடிந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எடை மெஷினைவிட அந்த எண்தான் எனக்கு முக்கியம்.

பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மறுநாள் காலையில் கால் வலி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். தரையில் செய்யும்போது அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டு செய்தால் கனம் நன்றாகக் குறையும். நம் ஊர் வெயிலில் அது பெரிய அவஸ்தை என்று தெரியும், அதனால் விடிகாலையில் போட்டு, பயிற்சி முடித்து, கழற்றிவிட்டுக் குளித்துவிடுங்கள். அளவெடுத்து வாங்குங்கள், கடையில் கைக்குக் கிடைத்த சைஸ் முட்டிக்குப் பின்னால் மடிந்து இறுக்கும்.

திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், அது லிபீடிமா என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சும் வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.