சாயம் கழல்வதும் வண்ணம் உதிர்வதும் ஏன்?

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டு மாடி அறையையே ஓவியக்கூடமாக வைத்திருக்கிறேன். உள்ளூர்த் தறியில் நெய்த வெள்ளைப் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றி, அதன்மேல் அக்ரிலிக்கில் வரைந்து, கடைசியில் பூத்தையல் போடுகிறேன். அலசும்போதெல்லாம் சாயம் கழல்கிறது. மடித்த இடத்தில் வண்ணம் செதிலாக உதிர்கிறது. விலை கூடிய வண்ணம் வாங்க வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொல்லைக்கும் காரணம் பெரும்பாலும் துணியிலிருக்கும் கஞ்சிதான். நூல் அறுந்துவிடாமலிருக்க நெசவாளர்கள் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாயம் பஞ்சிழையைப் பிடிக்காமல் அந்தக் கஞ்சியைப் பிடித்துக்கொள்கிறது, அலசினால் அதோடு சேர்ந்து வெளியேறுகிறது. அக்ரிலிக்கும் இழைக்குள் இறங்காமல் கஞ்சிப் படலத்தின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. மடித்ததும் படலம் நொறுங்குகிறது.

சாயம் ஏற்றாத துணியின் ஓரத்தில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் கஞ்சி இருக்கிறது. துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவையுங்கள். வேலூர் வெயில் காலத்தில் காலையில் புளித்த வாடை வரும்; அது நல்லதுதான், கஞ்சி கரைகிறது. பிறகு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக அலசுங்கள். காய்ந்தபின் மறுபடி அயோடின். நீலம் வந்தால் இன்னொரு முறை கொதிக்க வேண்டியதுதான். நீலம் வராமல், தண்ணீர்ச் சொட்டும் முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட்டால் துணி தயார்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். சாயத்தொட்டியில் சோடா சேர்த்ததும் அதிலுள்ள சுண்ணாம்பு வெண்படிவாகத் துணியில் இறங்கி நிறத்தை மங்கவைக்கும். மொட்டைமாடி மழைநீரைப் பிடித்துச் சாயத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்றிய பின் முதலில் குளிர்ந்த நீரிலும், பிறகு வெந்நீரிலும், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஈரத்துணிமேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். கறை ஒட்டாவிட்டால்தான் தூரிகையைத் தொட வேண்டும்.

துணியைப் பக்குவப்படுத்திய பிறகே வரைவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை காளஹஸ்தியும் நம் குடியாத்தம் இருந்த பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. துணியில் எழுதுகோலால் ஓவியம் தீட்டும் அங்குள்ள கலம்காரிக் கலைஞர்கள் கஞ்சி போக்கிய துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்த பின்பே எழுதுகோலை எடுப்பார்கள். பாலிலுள்ள கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு இரும்பு மையோடு சேர்ந்து கறுப்பாகிறது.

அக்ரிலிக்கை மெல்லிய பூச்சுகளாகக் காலையிலேயே பூசுங்கள். மே மாத மத்தியானத்தில் இழைக்குள் இறங்குமுன் காய்ந்துவிடும். ஒரு நாள் கழித்துப் பின்புறத்திலிருந்து நீராவியில்லாமல் இஸ்திரி போடுங்கள். எண்ணெய் வண்ணத்தை மட்டும் வெறும் பருத்திமேல் பூசாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காலப்போக்கில் இழையை நொறுங்கவைக்கும்.

பூத்தையல் கடைசியில் என்பது சரி. ஆனால் தடித்த வண்ணத்தில் ஊசித்துளை மூடாது. தையல் விழும் இடத்தை வரையாமல் விட்டுவையுங்கள். முடித்ததை மடிக்க வேண்டாம், வண்ணம் வெளிப்பக்கம் இருக்க அட்டைக் குழாயில் சுருட்டுங்கள். ஜவுளிக்கடையில் கேட்டால் பழைய குழாயைச் சும்மாவே கொடுப்பார்கள்.