டெல்டாவை எங்கே பிடிப்பது? – கணிதப் பட்டப்படிப்பு: வாசகர் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். இப்போது பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷம். பாடம் பாதி மலையாளத்தில், புத்தகம் இங்கிலீஷில். ‘எப்சிலான்-டெல்டா’ வந்த நாளிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. எனக்குக் கணக்கே வராதோ?
– மாணவி, கொழிஞ்சாம்பாறை

வரும் மகளே. பிளஸ் டூவில் ‘எல்லை மதிப்பைக் காண்க’ என்றார்கள். எண்ணைப் பிரதியிட்டாய், விடை வந்தது. இப்போது விடையை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டு, அதுதான் விடை என்று நிறுவச் சொல்கிறார்கள். வேலை வேறு, அதனால் பழகும் விதமும் வேறு.

ஒரு கணக்கைக் கடைசி வரை பார்த்துவிடுவோம். எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எக்ஸ்² 4-ஐ நெருங்கும் என்று நிறுவ வேண்டும். எப்சிலான் என்பது உன்னிடம் கேட்கப்படும் துல்லியம்: எக்ஸ்²-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் இதற்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். டெல்டா உன் பதில்: எக்ஸை 2-லிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வைத்தால் போதும் என்கிறாய்.

முதலில் ரஃப் தாளில் பின்னாலிருந்து போ. எக்ஸ்² − 4 என்பது (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2). முதல் காரணியின் அளவு டெல்டாவுக்குள் இருக்கும், அதில் சிக்கல் இல்லை. தொல்லை எக்ஸ் + 2-ல். அதைக் கட்டிப்போட, எக்ஸ் 2-லிருந்து 1-க்குள் இருக்கட்டும் என்று வைத்துக்கொள். எக்ஸ் 1-க்கும் 3-க்கும் நடுவில் வந்துவிடும். எக்ஸ் + 2 என்பது 5-ஐத் தாண்டாது. ஆகவே மொத்த வித்தியாசம் 5 × டெல்டாவுக்குள். டெல்டா என்பது 1, எப்சிலான்/5 ஆகிய இரண்டில் எது சிறியதோ அது. வேலை முடிந்தது. சரிபார்க்க எப்சிலான் 0.1 என்று வை, டெல்டா 0.02. எக்ஸ் = 2.019 என்றால் வர்க்கம் 4.076 சொச்சம், 0.1-க்குள்தான் இருக்கிறது. அந்த 1-க்குத் தனி மகிமை எதுவும் இல்லை. அரை என்று வைத்தால் 5-க்குப் பதில் 4.5 வரும், நிரூபணம் அப்படியே நிற்கும்.

விடைத்தாளில் இதையே முன்னாலிருந்து எழுத வேண்டும்: ‘எப்சிலான் தரப்பட்டுள்ளது, டெல்டாவை இவ்வாறு எடுப்போம், அப்போது…’ ரஃப் வேலையை அப்படியே நகலெடுத்தால், நிறுவ வேண்டியதையே தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு தவறு டெல்டா = எப்சிலான்/(எக்ஸ் + 2) என்று எழுதுவது. எக்ஸ் வருவதற்கு முன்பே டெல்டா முடிவாகியிருக்க வேண்டும். வாளையார் செக்போஸ்ட்டில் எடை வரம்பு லாரி வருவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டது. லாரிக்கு லாரி மாறினால் அதை வரம்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எப்சிலானைப் பார்த்து டெல்டாவை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ‘ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு’ என்பதும் ‘எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும் ஒரே டெல்டா உண்டு’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள் என்பது உன் தாய்மொழியிலேயே தெளிவாகக் கேட்கிறது. அதனால் ஒவ்வொரு வரையறையையும் முதலில் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார், பிறகு குறியீட்டில் எழுது.

மொழிக்கு ஒரு நோட்டு தனியாகப் போடு, பக்கத்துக்கு மூன்று பத்தி: தமிழ், மலையாளம், இங்கிலீஷ். வகுப்பில் ‘அபாஜ்ய சங்க்ய’ என்றால் நம் பகா எண். ‘சமாந்தர ஸ்ரேணி’ என்றால் கூட்டுத் தொடர்வரிசை. ‘கணம்’ இரண்டு மொழியிலும் கணம்தான். சீக்வென்ஸ், சீரிஸ் இரண்டையும் மட்டும் கலக்கவே கலக்காதே: முன்னது தொடர்வரிசை, பின்னது தொடர், அதாவது அதன் உறுப்புகளைக் கூட்டிப் போவது. 1, 1/2, 1/3, 1/4… என்ற தொடர்வரிசை பூச்சியத்தில் ஒருங்குகிறது, அதாவது போகப்போக அதை வேண்டிய அளவு நெருங்கிவிடுகிறது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடர் ஒருங்குவதே இல்லை. பரீட்சை எழுதப்போகும் மொழி இங்கிலீஷ் என்பதால் அந்தப் பத்தி முழுமையாக இருக்கட்டும்.

தேற்றங்களை மனப்பாடம் செய்கிறேன். இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறது. எத்தனை தடவை எழுதிப் பார்த்தால் நிற்கும்?
– மாணவர், வேலந்தாவளம்

பத்துத் தடவை பார்த்து எழுதினாலும் நிற்காது தம்பி. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தால் நிற்கும். ரோல் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிபந்தனை: மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கது, இரு முனைகளிலும் ஒரே மதிப்பு. முடிவு: நடுவில் எங்கோ ஓரிடத்தில் வகைக்கெழு பூச்சியம்.

வகையிடத்தக்கது என்பதை எடுத்துவிடுங்கள். −1 முதல் 1 வரை எக்ஸின் மட்டு மதிப்பைப் போட்டால் அடியில் கூர் முனை வரும். வகைக்கெழு எங்கும் பூச்சியம் ஆகாது. தொடர்ச்சியை எடுத்துவிடுங்கள்: 0 முதல் 1-க்கு முன்பு வரை எக்ஸ், 1-ல் மட்டும் மதிப்பு 0. முனைகள் சமம்தான், ஆனால் நடுவில் சாய்வு எங்கும் 1. மூன்றாவதை எடுத்துவிட்டால் 0 முதல் 1 வரை வெறும் எக்ஸே போதும். மூன்று படங்கள், ஒரு பக்கம். இதைச் செய்தவருக்கு நிபந்தனை மறக்காது. நிபந்தனை நினைவிருந்தால் நிரூபணத்தில் அடுத்த வரி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

நிரூபணத்தைப் படிக்கும்போது ஓரத்தில் ‘தொடர்ச்சி இங்கே பயன்பட்டது’, ‘முனைகள் சமம் என்பது இங்கே’ என்று பென்சிலால் குறியுங்கள். எங்கும் பயன்படாத நிபந்தனை மிஞ்சினால் ஏதோ ஒரு வரியைப் புரியாமல் தாண்டியிருக்கிறீர்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். தடுக்கினால் ஒரே ஒரு வரி மட்டும் திறந்து பார்த்து, மூடி, தொடருங்கள். மறுநாளும் அடுத்த வாரமும் ஒருமுறை.

பை-க்கான முடிவிலித் தொடரை வெள்ளைக்காரருக்கு முன்பே கேரளத்தில் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா? பாடத்துக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், புளியரை

உண்மைதான். 14-ஆம் நூற்றாண்டின் சங்கமக்கிராமத்து மாதவன் பெயரில் அது வழங்குகிறது. அவர் வழியில் வந்த ஜ்யேஷ்டதேவன் 1530-ஐ ஒட்டி மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’வில் காரண விளக்கத்தோடு இருக்கிறது. ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்ஸும் இதே தொடருக்கு வந்தது 1670-களில்.

பயன் நிறையவே உண்டு. பை = 4 × (1 − 1/3 + 1/5 − 1/7 + …). ஒருங்கும் தொடர்தான், ஆனால் ஆமை வேகம். 10 உறுப்புகள் கூட்டினால் 3.04184, 100 கூட்டினாலும் 3.1316 வரைதான். ‘ஒருங்குகிறது’ என்பதும் ‘வேகமாக ஒருங்குகிறது’ என்பதும் வெவ்வேறு என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அந்தப் பழைய கணிதர்கள் இதோடு நிற்கவில்லை. விட்டுப்போன வாலுக்கு ஒரு திருத்தமும் தந்தார்கள். கூட்டிய உறுப்புகளின் எண்ணிக்கையை 4 மடங்காக்கி, அதே எண்ணிக்கையின் வர்க்கத்தின் 4 மடங்கோடு 1 சேர்த்து வகுக்க வேண்டும். 10 உறுப்புக்கு 40/401, அதாவது 0.09975. எண்ணிக்கை இரட்டைப்படை, கடைசியாகக் கழித்திருக்கிறோம். எனவே இதைக் கூட்டினால் 3.14159. பத்தே உறுப்பில் ஐந்து தசம இடம் சரி! ஒற்றைப்படை எண்ணிக்கையில் நிறுத்தினால் திருத்தத்தைக் கழிக்க வேண்டும். கால்குலேட்டரோடு உட்கார்ந்து 5 உறுப்புக்கு ஒருமுறை செய்து பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பிழை மதிப்பீடு என்ற பாடம் வரும்போது கை தானாக ஓடும்.

மகளைப் பாலக்காடு பக்கம் சேர்த்தால் நான்கு வருஷம், பொள்ளாச்சி பக்கம் சேர்த்தால் மூன்று வருஷம் என்கிறார்கள். ஒரு வருஷம் வீணாகுமா?
– ஒரு தந்தை, கோபாலபுரம்

வீணாகாது ஐயா, கட்டாயமும் இல்லை. கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுத் திட்டம். மூன்றாம் ஆண்டு முடிவில் 133 கிரெடிட்டோடு பட்டம் வாங்கி வெளியே வரலாம். தொடர்ந்தால் 177 கிரெடிட்டில் ஆனர்ஸ். பத்தாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் வேலைதான் குறி என்றால், படிப்பில் மூன்று வருஷப் பட்டமும் அடுத்து பி.எட்.டும் போதும், தகுதித் தேர்வு தனி. எம்.எஸ்சி.க்கும் மூன்று வருஷம் போதும், அப்போது எம்.எஸ்சி. இரண்டு வருஷம். ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் நான்காவது வருஷம் உதவும்: யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியில் கணிதத்தில் நான்காம் ஆண்டு நடக்கிறதா என்று துறையிலேயே கேளுங்கள்.

எல்லையோரக் குடும்பங்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்று மற்ற மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்குப் பொதுவாகச் செல்லாது. இதை விண்ணப்பம் போட்ட பிறகு தெரிந்துகொண்டால் இடம் போய்விடும்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத ஆசை. எப்போது தொடங்க வேண்டும்?
– மாணவர், மீனாட்சிபுரம்

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில். தேர்வு 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் பகுதியில் நான்கில் ஒன்றைத் தேர்வது 30. தவறினால் அந்தக் கேள்வி மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அடுத்த 10 கேள்வியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். தவறுக்குக் கழிவு கிடையாது, ஆனால் எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண். கடைசி 20-ல் விடையை எண்ணாகத் தட்ட வேண்டும், அங்கும் கழிவு இல்லை.

இரண்டாம் பகுதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘எப்போதும் உண்மையா?’ என்பதே அங்கு கேள்வி. அதற்கு எதிர் உதாரணங்கள் கைவசம் இருக்க வேண்டும். மேலே ரோல் தேற்றத்துக்குப் போட்ட மாதிரி, ரியல் அனாலிசிஸ், நேரியல் இயற்கணிதம், குலம் (குரூப்) மூன்றிலும் ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு பக்கம் இப்போதே எழுதத் தொடங்குங்கள். பழைய வினாத்தாள்களை மூன்றாம் ஆண்டில் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள், கைக்கால்குலேட்டர் இல்லாமல். தேர்வறையில் திரையில் வரும் கால்குலேட்டர் மட்டும்தான், அதில் மவுஸால் தட்டுவதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.