ஒன்பது ஆட்டத்தோடு ஏன் நிறுத்தினார்கள்?

கேள்வி: வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல். அணி ஒன்று, 18 வயது கனடா ஜூனியர் வீரரை 9 ஆட்டம் ஆடவைத்துவிட்டு, பழைய ஜூனியர் அணிக்கே அனுப்பிவிட்டதே! ஆட்டம் சரியில்லையா?

பதில்: அப்படி இருக்கலாம், ஆனால் கணக்கும் உண்டு. இந்த வயதுப் புதுமுக வீரரின் முதல் ஒப்பந்தம் 3 ஆண்டு, சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. 18 வயதில் கையெழுத்திட்டவர் 10ஆவது ஆட்டத்தில் இறங்கினால் முதலாண்டு கழிந்துவிடும். அதற்குள் நிறுத்தினால் ஒப்பந்தம் அப்படியே ஓராண்டு தள்ளிப்போகும். மலிவான ஆண்டு அணிக்கு மிச்சம். என்.ஹெச்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.ஹெச்.எல். லீகுக்கு அனுப்பலாமே என்றால், ஜூனியர் லீகுகளோடு உள்ள உடன்பாடு 18 வயதில் அதை அனுமதிக்காது. பெஞ்சில் குந்தவைப்பதைவிட, ஜூனியரில் ஆட்டத்துக்கு 20 நிமிடம் ஐஸில் இருப்பதே அவருக்கு நல்லது. உடம்பும் தேற வேண்டும். தடுப்பாட்டக்காரர் என்றால் இன்னும் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும்.